மலை வண்டிப் பால்

ஏஞ்சலின் வளையலைக் கழற்றினாள் என்றால் ஏதோ பெரிய வேலையில் இறங்கப்போகிறாள் என்று அர்த்தம். கீபோர்டில் இடித்துக்கொண்டே இருக்குமாம். அந்தத் திங்கட்கிழமை காலையில் இரண்டு கையிலிருந்தும் உருவிப் பேனா ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, மேனேஜரைப் பார்த்து, "சார், வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் பாத்துடறேன்" என்றாள். மேனேஜர் தீனதயாளன் அப்போதுதான் சென்னை ஆபீஸிலிருந்து வந்த மெயிலை எங்களுக்குப் படித்துக் காட்டி முடித்திருந்தார். கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. இன்னும் என்னத்தைப் பார்ப்பது, எல்லாம் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறதே என்றார்.

இருந்ததுதான். நாங்கள் இருப்பது கச்சிராயபாளையம் ரோட்டில், ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையத்தில். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வேன்களில் கேன் கேனாகப் பால் வந்து இறங்கும். குளிரவைத்து டேங்கர் லாரியில் ஏற்றி அனுப்புவோம். வெள்ளிமலைப் பக்கமிருந்து வரும் வேனுக்கு மலை வண்டி என்று பெயர். அந்தப் பாலில் மாதாமாதம் கொழுப்பு இறங்கிக்கொண்டே போகிறது, தண்ணீர் கலப்பதாகச் சந்தேகம், ஆகையால் அடுத்த மாதத்திலிருந்து அந்த வண்டி வேண்டாம். இதுதான் மெயில்.

இதில் நான் வாய் திறக்க முடியாத நிலைமை எனக்கு. ஏனென்றால் அந்தக் கொழுப்பை அளந்தவளே நான்தான். ஜெயசுதா, லேப். வந்து இறங்கும் ஒவ்வொரு கேனையும் திறந்து, மோந்து பார்த்து, கலக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்து மெஷினில் வைப்பது என் கை. மெஷின் சொல்வதைக் கம்ப்யூட்டரில் அடிப்பதும் என் கை. சாதாரணமாக எனக்கு வாய் சும்மா இருக்காது, ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு கருத்து வைத்திருப்பேன். அன்றைக்குக் கம்மென்று நின்றேன். நான் அடித்த நம்பரை நானே பொய் என்று சொல்வதா?

விஷயம் எப்படித்தான் பறக்குமோ, மத்தியானத்துக்குள் மலைக்குப் போய்விட்டது. மலை வண்டி ஓட்டுகிற கண்ணாயிரத்தின் வேலையாகத்தான் இருக்கும். செவ்வந்தி எனக்கு போன் செய்தாள். மலைமேல் ஆலாம்பட்டில் பால் ஊற்றுகிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. வண்டி நின்றால் அவர்களுக்கு வேறு வழி கிடையாது. ஜீப்பில் கொண்டுவரக் கட்டுப்படியாகாது, அங்கேயே விற்க வாங்குகிறவன் கிடையாது, மாட்டைச் சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். அதைத்தான் சொல்லி அழப்போகிறாள் என்று நினைத்து என்ன ஆறுதல் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே எடுத்தேன். அவள் அழவில்லை.

"பாலு வேணாம்னா போவட்டும்க்கா. வேற பொழப்பு பாத்துக்கறோம். தண்ணி ஊத்தினாங்கன்னு எழுதி வச்சிட்டு நிறுத்தாதீங்க. அது மட்டும் வேணாம்."

போனை வைத்துவிட்டு அதை அப்படியே ஏஞ்சலினிடம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, "ம்" என்றாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் டீக்கும் எழுந்திருக்கவில்லை, சாப்பாட்டு டப்பாவும் மூடியபடியே இருந்தது.

ஏஞ்சலினைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்துக் கிராமம், அப்பா பிலவேந்திரன் கொத்தனார். கள்ளக்குறிச்சியில் பி.காம். படித்துவிட்டு ரிப்போர்ட் தயார் செய்கிற வேலைக்கு எங்களிடம் வந்தாள். வந்த புதிதில் எனக்குப் பிடிக்கவே இல்லை. கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள். எதற்கு இந்தக் கட்டத்தில் இதை அடிக்கிறீர்கள், அடித்தது எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள் என்று. எனக்கென்ன தெரியும்? போகிறது, அவ்வளவுதான். எல்லா நிலையங்களிலிருந்தும் நாங்கள் அடிப்பது சென்னையில் ஒரு சர்வரில் போய்ச் சேருகிறது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அதிலிருந்து திரும்பி எங்களுக்கு வருவது ஒரே ஒரு ரிப்போர்ட். எந்த வண்டி, எவ்வளவு பால், சராசரிக் கொழுப்பு எவ்வளவு. அதைப் பார்க்கலாம், பிரிண்ட் எடுக்கலாம். அதனிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது.

"நீங்க அடிக்கறது எல்லாம் அங்க இருக்குதுக்கா. கேன் நம்பர், ஊரு, எடை, எஸ்.என்.எஃப்., எல்லாம். நமக்குக் காட்டறது மட்டும் கம்மி" என்பாள்.

அந்தச் சர்வரையும் தன் கம்ப்யூட்டரில் உள்ள எக்செலையும் நேரே இணைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. இணைத்துவிட்டால் பால் விவரம் முழுக்க எக்செலில் வந்து உட்கார்ந்துவிடும், எப்படி வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம் என்பாள். சென்னையில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற சாம் என்பவரிடம் முன்பே கேட்டிருக்கிறாள். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை, பார்க்கலாம் என்று சொன்னார். ஆபீஸில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். இந்த முறை அவள் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு விடவே இல்லை. தப்பாக ஏதாவது அழிந்துவிட்டால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டிருக்க வேண்டும். படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள் சார், எழுதுகிற அனுமதி எனக்கு வேண்டவே வேண்டாம், நான் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாத மாதிரி கொடுங்கள் என்றாள். சாயங்காலம் பாஸ்வேர்டு வந்தது. அந்த மனிதரையும் சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் அவரே இரண்டு மூன்று முறை கூப்பிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்.

பாஸ்வேர்டு வந்ததே தவிர இணைப்பு வந்தபாடில்லை. எக்செலில் எங்கேயோ போய் எதையோ சொடுக்குவாள், சர்வரின் பெயரை அடிப்பாள், சிவப்பில் ஒரு பெட்டி வந்து முடியாது என்று சொல்லும். மறுநாள் முழுக்க இதே கதை. எக்செலையும் சர்வரையும் பேசவைக்க நடுவில் ஒரு சின்ன மென்பொருள் வேண்டுமாம். சாம் அனுப்பியது ஒரு ரகம், எங்கள் எக்செல் இன்னொரு ரகம், ஒன்றுக்கொன்று சேராதாம். அதைக் கழற்றி வேறு போட்டாள். மறுபடியும் சிவப்புப் பெட்டி. நானாக இருந்தால் கம்ப்யூட்டரை நாலு சாத்து சாத்தியிருப்பேன். அவள் ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியில் இருந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை பொறுமையாகப் படித்தாள். திட்டுகிறவர்களிடமிருந்தும் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற ஆட்கள் உண்டே, அந்த மாதிரி.

புதன்கிழமை நான் கடைசி கேனைப் பார்த்து முடித்துக் கை கழுவிக்கொண்டிருந்தபோது "அக்கா" என்று ஒரு சத்தம். ஓடினேன். திரையில் வரிசை வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது. தேதி, வண்டி, ஊர், கேன், எடை, கொழுப்பு. நான் இந்த மூலையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் அடித்தது எல்லாம் அப்படியே இருந்தது. போன வருஷம் என் பெரியவளுக்குக் காய்ச்சல் என்று நான் லீவு போட்ட நாளில் வேறு யாரோ ஊர்ப் பெயரைத் தப்பாக அடித்திருந்ததுகூட அப்படியே கிடந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் ஏதோ கூலிக்கு அடிக்கிறேன் என்று நினைத்திருந்தேன், இத்தனை நாள் ஒன்றும் வீணாகப் போகாமல் ஒரு இடத்தில் சேர்ந்திருக்கிறது. புதிதாக ஒரு கேனை அடித்துவிட்டு ரெஃப்ரெஷ் என்று ஒன்றை அழுத்தினால் அது மேலே வந்து உட்கார்ந்து மற்றதெல்லாம் ஒரு கட்டம் கீழே இறங்கும் என்று செய்து காட்டினாள். தீனதயாளன் சார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சின்னப் பையன் மாதிரி அதை இரண்டு தரம் அழுத்திப் பார்த்தார்.

பிறகுதான் அவள் உண்மையான வேலையை ஆரம்பித்தாள். முதலில் மலை வண்டியை மட்டும் தனியே பிரித்தாள். கொழுப்புக்குப் பக்கத்தில் எஸ்.என்.எஃப்.பை வைத்தாள். எஸ்.என்.எஃப். என்பது கொழுப்பையும் தண்ணீரையும் தள்ளிவிட்டுப் பாலில் மிஞ்சுகிற சத்து. தண்ணீர் ஊற்றினால் கொழுப்பும் விழும், இதுவும் சேர்ந்து விழும். இது எனக்கும் தெரியும், ஆனால் ஒரு நேரத்துக்கு ஒரு கேன் என்று பார்க்கிற எனக்கு மாசக்கணக்கில் அது எப்படிப் போகிறது என்று எங்கே தெரிந்தது? ஏஞ்சலின் இரண்டையும் கோடாகப் போட்டாள். கொழுப்புக் கோடு ஆடி மாதத்திலிருந்து சரிந்துகொண்டே வந்தது. மற்றது நேராக, ஆடாமல் அசையாமல் போனது.

"தண்ணி இல்ல சார்" என்றாள்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. உடனே செவ்வந்திக்கு போன் போடலாம் என்றேன். ஏஞ்சலின் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். தண்ணீர் இல்லை என்றால் கொழுப்பு எங்கே போகிறது என்று சென்னையில் கேட்பார்கள் அக்கா, அதற்குப் பதில் இல்லாமல் போனால் நம்ப மாட்டார்கள் என்றாள். திரும்பவும் எக்செலுக்குள் தலையை விட்டாள். கேன் கேனாகப் பிரித்தாள், எடை வாரியாக அடுக்கினாள். நிறைய பால் இருந்த கேன்களில் கொழுப்பு நன்றாகவே இருந்தது. பாதி, முக்கால் என்று குறையாக வந்த கேன்களில்தான் விழுந்திருந்தது. குளிர் மாதங்களில் இன்னும் மோசம். ஆடிக்கு முன்னால் மலை வண்டியில் குறைக் கேனே கிடையாது. ஆடியில் என்ன நடந்தது என்று கேட்டாள்.

தீனதயாளன் சாருக்கு முகம் மாறியது. "நான்தானம்மா ஊருக்கு ஒரு கேன் குடுத்தேன்" என்றார்.

அது ஒரு விழாவாகவே நடந்தது. அதுவரை மலைமேல் எல்லா ஊர்ப் பாலையும் ஒன்றாக ஊற்றி, நிரம்ப நிரம்ப கேன்களில் கொண்டுவருவார்கள். கொழுப்பு கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் அந்த ஊர்க்காரர்கள் தண்ணீர் ஊற்றினார்கள், இந்த ஊர்க்காரர்கள் ஊற்றினார்கள் என்று அவர்களுக்குள் ஒரே சண்டை. கடைசியில் செவ்வந்திதான் பேசினாள். எங்கள் ஊர்ப் பாலுக்கு நாங்கள் பொறுப்பு, எங்களுக்குத் தனிக் கேன் கொடுங்கள், குறை இருந்தால் எங்களைக் கேளுங்கள் என்றாள். மற்ற ஊர்களும் அதையே கேட்டன. சாருக்கு அது பிடித்துப்போய், ஊருக்கு ஒரு புதுக் கேன் வாங்கிக்கொடுத்தார். ஊர்ப் பெயர் எழுதி, மஞ்சள் குங்குமம் வைத்து, வெள்ளிமலையில் வைத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம். நானும் போயிருந்தேன், கேசரி சாப்பிட்டேன். அதிலிருந்து கேனில் பாதி பால் இருந்தாலும் பாதியாகவேதான் வரும், அடுத்த ஊர்ப் பாலை ஒரு சொட்டு சேர்க்க மாட்டார்கள்.

"கேன் மாத்தினா கொழுப்பு எப்படிம்மா கொறையும்?" என்றார் சார். ஏஞ்சலின் தனக்குத் தெரியவில்லை என்றாள். அதைச் சொல்ல அவள் வெட்கப்படவில்லை. இதில் இவ்வளவுதான் தெரியும், மிச்சத்தை வண்டியில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிகாலை கண்ணாயிரத்தின் வேனில் மூன்று பேருமாகப் போனோம். மேலே தை மாதக் குளிர், பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. ஊர் ஊராக ரோட்டு ஓரத்தில் கேனோடு நின்றார்கள். யாரும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆலாம்பட்டில் செவ்வந்தி கேனைத் தூக்கி வைத்துவிட்டு, மூடியைத் திறந்து காட்டி, பாத்துக்கோங்க என்று மட்டும் சொன்னாள். பாதிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது, பளிச்சென்று நல்ல பால். அங்கேயே நான் சாம்பிள் எடுத்துக்கொண்டேன்.

இறங்கும்போது நான் முன்னால் உட்காரச் சொல்லியும் கேட்காமல் ஏஞ்சலின் பின்னால் கேன்களோடு உட்கார்ந்தாள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கேன்கள் களக் களக் என்று குலுங்கின. நான் பிறந்ததிலிருந்து இந்த மலையில் ஏறி இறங்குகிறேன், அந்தச் சத்தம் எனக்குக் காதிலேயே விழுந்ததில்லை. ஏஞ்சலின் ஒரு கேனின் மேல் கையை வைத்துக்கொண்டு வழி நெடுக வந்தாள். நடுவில் ஒரு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தாள். முன்னால் வந்துவிடு என்றேன். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பின்னாலேயே ஏறினாள்.

நிலையத்தில் கேன்களை இறக்கியதும் கண்ணாயிரம் வழக்கம்போல ஒரு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தான். ஆலாம்பட்டு கேன் மூடியைத் திறந்து, உள்பக்கத்தில் ஒட்டியிருந்த வெண்ணெயை விரலால் வழித்து டப்பாவில் போட்டான். கேன் கழுத்தைச் சுற்றியும் வழித்தான். அடுத்த கேனுக்குப் போனான். ஏஞ்சலின் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

"மூடி வெண்ணதானே. தெனம் எடுக்கறதுதான். சார் வூட்டுக்கும் குடுப்பேனே" என்றான் கண்ணாயிரம்.

சார் தரையைப் பார்த்தார். எங்கள் நிலையத்தில் காவல்காரரிலிருந்து மேனேஜர் வீட்டம்மா வரைக்கும் மலை வெண்ணெயின் ருசியைப் பற்றிப் பேசாதவர்கள் கிடையாது. எனக்கு ஒரு நாளும் ஒரு உருண்டை தந்ததில்லை என்பது வேறு விஷயம். அத்தனை பேரும் தினமும் பார்த்திருக்கிறோம். குறைக் கேனில் பால் அலம்புகிறது, குளிரில் மலையிறங்கும் வரைக்கும் வண்டியே மத்தாகக் கடைகிறது, வெண்ணெய் திரண்டு மூடியில் ஏறிக்கொள்கிறது, மிச்சத்தில் நான் கொழுப்பைத் தேடுகிறேன். மேலே எடுத்த சாம்பிளையும் கீழே எடுத்ததையும் அடுத்தடுத்து மெஷினில் வைத்தேன். மேலே நன்றாக இருந்த கொழுப்பு கீழே காணவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க ஆரம்பித்து அடக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஏஞ்சலினும் சிரித்தாள். வாந்தி எடுத்து வெளுத்துப்போன அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொண்டேன்.

சென்னைக்கு அவள் கோடுகளையும் இரண்டு சாம்பிள்களையும் அனுப்பினாள். மாதக் கடைசி வரை பார்க்கிறோம், கொழுப்பு ஏறினால் யோசிப்போம் என்று பதில் வந்தது. தண்ணீர் என்ற சந்தேகத்தைத் திரும்பப் பெறுவதாக அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பழையபடி எல்லா ஊர்ப் பாலையும் கலந்து கேனை நிரப்பச் சொல்லிவிடலாம் என்றார் சார். அதுதான் சுலபம். செவ்வந்தியிடம் போனில் நானே சொன்னேன். "மத்த ஊரு பாலோட கலந்துட்டா, நாளைக்கு மறுபடியும் யாராச்சும் தண்ணின்னு சொன்னா, எங்களுது இல்லன்னு நான் எதக் காட்டுவேன்க்கா?" என்றாள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. வண்டியே நிற்கப்போகிறது, இவளுக்கு இன்னும் தனிக் கேன் வேண்டுமா? ஏஞ்சலினுக்கு எரிச்சல் வரவில்லை. அவங்க கேக்கறது சரிதானேக்கா என்றாள். ஊருக்கு எவ்வளவு பால் வருகிறது என்று எக்செலில் மறுபடி பார்த்தாள். எழுந்து பின்பக்கம் ஷெட்டுக்குப் போனாள். ஒரு காலத்தில் சின்ன ஊர்களுக்குக் கொடுத்த சின்னக் கேன்கள் அங்கே கவிழ்த்துக் கிடந்தன, தட்டினால் தேள் ஓடும். எல்லாரும் சேர்ந்து தேய்த்துக் கழுவினோம், சாரும்தான் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு கழுவினார். ஊருக்கு ஒரு சின்னக் கேன், கழுத்து வரைக்கும் நிரப்பி அசையாமல் அனுப்ப வேண்டும். மிஞ்சுகிறதை நாங்கள் டீ போட்டுக் குடித்துக்கொள்கிறோம் என்று செவ்வந்தி சொன்னாள். அவள் குரலில் முதல் தடவையாக ஒரு இளக்கம் தெரிந்தது.

அந்தக் கேன்கள் முதல் முதலாக வந்த அன்றைக்கு வண்டியோடு அவளும் இறங்கி வந்தாள். கேன்களுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தாள், கையெல்லாம் மஞ்சளாகவே இருந்தது. மூடியைத் திறந்தேன். கண்ணாயிரம் டப்பாவோடு எட்டிப் பார்த்தான். மூடி சுத்தமாக இருந்தது. அவன் டப்பாவை மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டு, எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல், வண்டிப் பக்கம் போய்விட்டான்.

கலக்கினேன், எடுத்தேன், மெஷினில் வைத்தேன். மெஷின் நம்பரைக் காட்டியதும் அடித்தேன். அடுத்த அறையிலிருந்து "வந்துடுச்சுக்கா" என்று ஏஞ்சலின் குரல் கேட்டது. அன்றைக்கு மலைமேல் எடுத்த சாம்பிளில் இருந்த அதே கொழுப்பு. செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு போய் ஏஞ்சலினின் நாற்காலியில் உட்காரவைத்தோம். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எது எங்க ஊரு?"

ஏஞ்சலின் மேல் வரிசையைக் காட்டினாள். செவ்வந்தி எழுத்துக்கூட்டி ஆலாம்பட்டு என்று படித்தாள். பக்கத்தில் இருந்த ஒவ்வொரு நம்பரும் என்ன என்று கேட்டாள், ஏஞ்சலின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். போன மாதத்து வரிசைகளைக் கேட்டாள், அதையும் காட்டினாள். செவ்வந்தி திரையில் விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கீழே வரைக்கும் போனாள், திரும்ப மேலே வந்தாள்.

"இதுல தண்ணின்னு எங்க எழுதியிருக்குதும்மா?"

"எங்கயும் எழுதலக்கா" என்றாள் ஏஞ்சலின். "எப்பவும் எழுதல."

செவ்வந்தி தலையை ஆட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், கன்னத்தில் மஞ்சள் ஒட்டியது. வண்டி கிளம்புகிறது என்று கண்ணாயிரம் ஹாரன் அடிக்கவும் எழுந்து போனாள். சென்னையிலிருந்து இன்னும் மெயில் வரவில்லை. வரும்.

திரையில் ஆலாம்பட்டு இருந்த இடத்தில் அவள் விரல் பட்ட மஞ்சள் இருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன். ஏஞ்சலின் வேண்டாம் என்றாள். பேனா ஸ்டாண்டிலிருந்து வளையல்களை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெளியே அடுத்த வண்டி வந்து நின்றது, நான் போய் கேன்களைப் பார்த்து அடித்துவிட்டு வந்தேன். அவள் ரெஃப்ரெஷ்ஷை அழுத்தினாள். புது வரிசைகள் மேலே வந்தன, ஆலாம்பட்டு கீழே இறங்கியது, மஞ்சள் அங்கேயே இருந்தது.